ஹுமாதியின் மலையும் என் வாயும்

ஹுமாதிக்கு ஐம்பத்தொரு வயது. ஊர் வழக்கப்படி அவன் இன்னும் பிள்ளை.

இதில் அவமானம் எதுவுமில்லை, சிரமம் மட்டும் உண்டு. எங்கள் தீவில் ஒருவன் சொந்த ஊர்ப் பெண்ணைப் பெரிய கல்யாணம் செய்து, ஊரையே நாள்கணக்கில் உட்காரவைத்துச் சோறு போட்டால்தான் முழு ஆள். அதற்கு முன்னால் அதே பெண்ணைச் சின்னக் கல்யாணம் செய்தது, பிள்ளை பெற்றது, பட்டம் வாங்கியது எதுவும் சேர்த்தியில்லை. முழு ஆள் பங்வேயில், அதாவது பள்ளிவாசலுக்கு எதிரே இருக்கும் ஊர்ச் சதுக்கத்தில், மேல்படியில் உட்கார்ந்து பேசுவான். ஊர்ப் பிள்ளை கீழ்ப்படியில் உட்கார்ந்து கேட்பான். விருந்து வந்தால் எழுந்துபோய்த் தாம்பாளம் தூக்குவான். ஹுமாதி முப்பத்தைந்து வருடமாகத் தூக்குகிறான். அவன் தூக்கிவரும் தாம்பாளத்தில் குழம்பு ஒரு பக்கமாக ஒதுங்காது. சரிவை அளப்பது அவன் தொழில்.

நான் ஷான்ஃபி. தலைநகர் மொரோனிக்கும் எங்கள் ஊர் பாஜோனிக்கும் இடையே வேன் ஓட்டுகிறேன். ஹுமாதிக்கும் எனக்கும் ஒரே நாளில் சுன்னத் ஆனது. நான் முழு ஆளாகி எட்டு வருடமாகிறது. அதற்காக என் அண்ணன் மார்சே நகரில் பதினைந்து வருடம் ஓட்டல் பாத்திரம் கழுவினான். இந்த எட்டு வருடத்தில் நான் பங்வேயில் இரண்டு முறை பேசியிருக்கிறேன். ஒருமுறை “ஆமாம்” என்றேன். இன்னொரு முறை “மழை வருது” என்றேன். இரண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டன.

ஹுமாதியின் பெரிய கல்யாணத்துக்கு மூன்று தடவை தேதி வைத்தார்கள். மூன்று தடவையும் எங்கள் எரிமலை கர்த்தாலா குறுக்கே வந்தது. முதல் தடவை சாம்பல். இரண்டாம் தடவை நிலநடுக்கம். மூன்றாம் தடவை வெறும் புகைதான், ஆனால் அதற்குள் மாடுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் முழு ஆளாவது மலைக்குப் பிடிக்கவில்லை என்று ஊர் முடிவு செய்தது. அவன் மனைவி எஷாத்தாவின் கருத்து வேறு.

“மலையைக் குத்தம் சொல்லாதீங்க. இவருதான் மேல போய்த் தேதியை அதுகிட்ட சொல்லிட்டு வர்றாரு.”

மேலே போய்க்கொண்டிருந்தவன்தான். மொரோனி எரிமலை ஆபீசில் அவன் சேர்ந்தது சுமை தூக்க. மலையில் ஆங்காங்கே பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். மலை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று அவை அளந்து கீழே சொல்லும். பெட்டிகளுக்கு பேட்டரி வேண்டும். பேட்டரி தோளில்தான் ஏறும். இருபது வருடம் ஏற்றினான். நாற்பது தாண்டியதும் முழங்கால் நின்றுவிட்டது. ஆபீசில் யாரோ ஆராய்ச்சிக்கு வந்தவர் விட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் கிடந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தான். ஏறிப் பார்க்க முடியாத மலையை மேலேயிருந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அதில் தெரிந்துகொண்டான். மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் படித்தான். மூன்று வருடத்தில், சேட்டிலைட் எடுக்கும் படத்தை ஆபீசில் அவனைப்போல யாரும் வாசிக்க முடியாது என்று அவன் தலைவரே சொன்னார். சம்பளச்சீட்டில் மட்டும் இன்னும் ‘சுமை’ என்றே இருக்கிறது.

அவன் மேஜைக்கு மேலே ஒரு படம் ஒட்டியிருக்கிறான். செவ்வாய்க் கிரகத்தில் உள்ள எரிமலை. எங்கள் மலையின் உச்சியில் குழிக்குள் குழி இருப்பதுபோலவே அதற்கும் இருக்கிறது; என்ன, அதன் வாய்க்குள் எங்கள் தீவையே வைத்து மூடிவிடலாம். ஒருமுறை மொரோனிக்கு வந்த பெரியவர் அத்துமானியிடம் பெருமையாக அதைக் காட்டினான். அத்துமானி எங்கள் ஊர் மேல்படியில் நடுவில் உட்காருகிறவர்.

“எந்த ஊரு மலை?”

“செவ்வாய், பெரியவரே. வானத்துல.”

“யாரு இருக்கா அங்க?”

“யாரும் இல்ல.”

அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஆளே இல்லாத ஊருக்கு இவ்வளவு பெரிய மலை எதுக்கு?” என்று கேட்டுவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். ஹுமாதி இரண்டு நாள் யோசித்தான். அதற்குப் பதில் இல்லை என்று என்னிடம் சொன்னான்.

ஊரில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. சேட்டிலைட் மச்சான். அது வந்த கதை சின்னது. தரையின் சூட்டைப் பார்க்கும் சேட்டிலைட் ஒன்று இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்கு மேலே, மலைச்சரிவில், சிவப்பாக ஒரு புள்ளி காட்டியது. ஹுமாதி மொரோனியிலிருந்து வேனில் நின்றபடியே வந்து, “மலை வெடிச்சிருச்சு, எல்லாரும் கடல் பக்கம் போங்க” என்று கத்தினான். ஊர் மெத்தையும் ஆடும் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனது. அங்கே நின்று எண்ணிப் பார்த்ததில் சொய்லிஹியைக் காணவில்லை. தேடிப் போனால், சொய்லிஹி சரிவில் தன் கொப்பரையின் கீழே விறகு தள்ளிக்கொண்டிருக்கிறான். இலாங் பூவிலிருந்து வாசனை எண்ணெய் வடிக்கிறவன். அன்று பூ அதிகம்; இரண்டு உலை மூட்டியிருக்கிறான். சிவப்புப் புள்ளி அதுதான்.

“ஹுமாதி, உன் சேட்டிலைட் மச்சானுக்கு மூக்கு கிடையாதா? ஊரே மணக்குதே” என்றான் சொய்லிஹி.

அன்றிலிருந்து அந்தப் பெயர்.

இப்போது போன ஆகஸ்டுக்கு வருகிறேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வரும் மாதம், கல்யாண மாதம். அத்துமானியின் தங்கை மகளுக்குப் பெரிய கல்யாணம் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை நடுப்பகல் பங்வேயில் விருந்து. அதற்கு ஒன்பது நாள் முன்னால், வியாழக்கிழமை, ஹுமாதி என் வேனில் முன்சீட்டில் ஏறினான். மடியில் காகித உறை.

“ஷான்ஃபி, இதப் பாரு.”

வானவில்லை வளைத்து வளைத்து வைத்ததுபோல ஒரு படம். எங்கள் மலையின் வடமேற்குத் தோளில், ஊருக்கு நேர் மேலே, நான்கு வளையங்கள்.

“அழகா இருக்கு. கல்யாணத்துக்கா?”

“வாயை மூடு. பன்னிரண்டு நாள் முன்னாடி ஒரு தடவை, நேத்து ஒரு தடவை, அதே இடத்துலேர்ந்து ரேடார் பாத்திருக்கு. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா, தரை நகர்ந்த இடத்துல வளையம் விழும். ஒரு வளையம்னா ஒரு அங்குலம். நாலு வளையம்.”

“நாலு அங்குலம் வளந்திருக்கா?”

“வீங்கியிருக்கு. இல்லேன்னா மூடுபனி.”

“என்னது?”

“ஈரக்காத்து ரேடாரைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அதுவும் வளையமாத்தான் தெரியும். மலையா, பனியான்னு அடுத்த படத்துலதான் தெரியும். அது வர்ற செவ்வாய் கழிச்சு அடுத்த செவ்வாய்.”

தலைவரிடம் காட்டியிருக்கிறான். ஒரே படத்தை வைத்து ஊர்களைக் கிளப்ப முடியாது, அடுத்த படம் வரட்டும் என்றாராம். அது சரிதான் என்று ஹுமாதியும் சொன்னான். “கிளப்ப வேண்டாம். தொட்டியை மூடினாப் போதும்.”

எங்கள் தீவில் ஆறு கிடையாது. மழையைத் தொட்டியில் பிடித்துவைத்துக் குடிக்கிறோம். பாஜோனியின் பெரிய தொட்டி பங்வேயை ஒட்டி, பள்ளிவாசல் பக்கத்தில் இருக்கிறது. இடுப்பளவு சுவர், மேலே திறப்பு. ஆகஸ்டில் பாதித் தண்ணீர் இருக்கும். நவம்பர் மழை வரைக்கும் அதுதான். ஆகஸ்டு காற்று மலையைத் தாண்டி எங்கள் ஊர்ப்பக்கமே வீசும். முன்பு சாம்பல் விழுந்தபோது தொட்டித் தண்ணீர் மூன்று மாதம் சிமெண்டுக் கரைசல்போல இருந்தது. ஊரில் பாதிப்பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம்.

தொட்டியை மூடும் அளவுக்கு ஊரில் ஒரே ஒரு துணிதான் உண்டு. பன்னிரண்டு தார்ப்பாய்களை எங்கள் பெண்கள் ஒன்றாகத் தைத்து வைத்திருக்கும் கல்யாணப் பந்தல். சனிக்கிழமை அது முழு ஆட்களின் தலைக்கு மேலே இருந்தாக வேண்டும்.

“பங்வேயில கேளு” என்றேன். சொன்ன பிறகுதான் அவன் பிள்ளை என்பது நினைவுக்கு வந்தது.

“நீ கேளு.”

“நானா? எனக்கு அங்குலமும் தெரியாது, ரேடாரும் தெரியாது.”

“வாய் இருக்குல்ல? எனக்கு அதுதான் இல்ல.”

மாட்டேன் என்றேன். கோவேறு கழுதைபோல இரண்டு தடவை சொன்னேன். அப்போது வேன் மேட்டில் திணறி நின்றது. ஹுமாதி இறங்கி, உதவி செய்கிறவன்போல முன்மூடியைத் திறந்தான். வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

“ஷான்ஃபி.”

“என்ன?”

“இந்த பேட்டரியில பச்சை பெயிண்டுல ஏழுன்னு எழுதியிருக்கு.”

“சந்தையில வாங்கினது.”

“எழுதினது நான். ஏழாம் நம்பர் பெட்டியோட பேட்டரி. அந்தப் பெட்டி பத்து மாசமாப் பேசல. அது பேசியிருந்தா மலையா பனியான்னு இன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.”

நான் திருடவில்லை. விற்றவன் மலையிலிருந்து இறங்கி வந்தான் என்பதையும், அவன் முதுகில் சேறு இருந்தது என்பதையும் பார்த்தேன், கேட்கவில்லை, அவ்வளவுதான். ஹுமாதி மூடியை மெதுவாகச் சாத்தினான்.

“பேட்டரியா, வாயா? எதைத் தர்றே?”

பேட்டரியைக் கொடுத்தால் கல்யாண வாரத்தில் வேன் நிற்கும். வாயைக் கொடுத்தேன்.

மறுநாள் வெள்ளி. தொழுகை முடிந்து எல்லோரும் படிகளில் உட்கார்ந்தார்கள். ஹுமாதி என்னை வழியெல்லாம் தயார்செய்திருந்தான். நான் சரியாகச் சொன்னால் சும்மா இருப்பான். தப்பாகச் சொன்னால் ஒருமுறை இருமுவான். நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு முறை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்: “பொய் சொல்லாதே. பாதிக்குப் பாதின்னு சொல்லு.”

எழுந்தேன். நான் எழுந்ததைப் பார்த்து மழையா என்று இரண்டுபேர் வானத்தைப் பார்த்தார்கள்.

“பெரியவர்களே, நம்ம மலை நாலு அங்குலம் வீங்கியிருக்கு.”

“யாரு அளந்தா?” என்றார் அத்துமானி.

“சேட்டிலைட்.”

“எங்க நின்னு அளந்துச்சு?”

“எழுநூறு கிலோமீட்டர் மேல.”

“எழுநூறு கிலோமீட்டர் மேல நின்னு நாலு அங்குலத்தப் பாத்துச்சு. சொய்லிஹியோட நாலடிக் கொப்பரையை மலைன்னு சொன்ன அதே சேட்டிலைட்தானே?”

“அது வேற, பெரியவரே. இது கண்ணால பாக்காது. சத்தம் போட்டு எதிரொலி கேக்கும்.”

கீழ்ப்படியில் ஓர் இருமல்.

“சத்தம் இல்ல, வெளிச்சம். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். இருட்டுலயும் பாக்கும், மேகத்துக்குள்ளயும் பாக்கும்.”

இருமல் இல்லை. தைரியம் வந்தது. தொட்டி, சாம்பல், காற்று எல்லாம் சொன்னேன். பந்தல் துணியை இப்போதே தொட்டிமேல் போட வேண்டும், சனிக்கிழமையும் எடுக்கக் கூடாது என்று முடித்தேன். எனக்கே நான் சொன்னது நியாயமாகத் தோன்றியது.

“என் தம்பி பையன் நோன்புலேர்ந்து நாலு அங்குலம் வளந்திருக்கான்” என்றார் மூலையிலிருந்த ஒருவர். “அவன் மேலயும் ஒரு தார்ப்பாய் போட்டுடலாமா?”

சிரித்தார்கள். அத்துமானி சிரிக்கவில்லை. முன்னால் குனிந்து என்னைப் பார்த்தார்.

“ஷான்ஃபி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வெடிக்குமா, வெடிக்காதா?”

ஹுமாதியைப் பார்த்தேன். அவன் கையிரண்டையும் தராசுபோல விரித்தான்.

“பாதிக்குப் பாதி” என்றேன். “அந்த வளையம் மலையாவும் இருக்கலாம். மூடுபனியாவும் இருக்கலாம்.”

அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் பேசியதை நானே கேட்கவில்லை. முடிவை அத்துமானி சொன்னார். “மூடுபனிக்குப் பயந்து விருந்தாளியை வெயில்ல உக்காரவெச்ச ஊருன்னு நமக்குப் பேரு வேண்டாம். பக்கத்து ஊர் மெரேனிக்காரங்க வர்றாங்க. பந்தல் போடுவோம். மலை சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கட்டும். ஞாயித்துக்கிழமை அதுக்கும் ஒரு பந்தல் போடுவோம்.”

அன்று சாயங்காலம் எஷாத்தா வீட்டில் எனக்குச் சீமைப்பலா வறுத்துக் கொடுத்தார்கள். ஹுமாதி சாப்பிடவில்லை. “பாதிக்குப் பாதின்னு நீதானே சொல்லச் சொன்னே?” என்று கேட்டேன்.

“உண்மை அதுதானே.”

“உண்மையை எல்லாம் பங்வேயில சொல்லக் கூடாதுடா. எட்டு வருஷமா நான் சொன்னதில்ல.”

எஷாத்தா அடுப்பிலிருந்து திரும்பாமலே பேசினாள். “பேசறவங்ககிட்ட ஏன் போறீங்க? பேச உங்களுக்கு உரிமை கிடையாது. சரி. பந்தக்கால் நட யாருக்கு உரிமை?”

ஹுமாதி தலையைத் தூக்கினான்.

“கயித்தை யாரு தொடலாம்? யாரு தொடக் கூடாது?” என்றாள். பிறகு என் பக்கம் பார்த்தாள். “ஷான்ஃபி அண்ணா, நீங்க கிளம்புங்க. இனிமே நடக்கிற பேச்சை முழு ஆளுங்க கேக்கக் கூடாது.”

வறுவலை இலையில் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் ஊரில் வேலை இப்படித்தான் பிரிந்திருக்கிறது. முழு ஆட்கள் முடிவு செய்வார்கள், ஊர்ப் பிள்ளைகள் செய்வார்கள். கம்பு நடுவது, கயிறு கட்டுவது, மாடு பிடிப்பது எல்லாம் பிள்ளைகள் வேலை. முழு ஆள் கயிற்றைத் தொட்டால் கீழிறங்கிவிட்டான் என்று பொருள். ஒருவர் எப்போதோ நழுவிய பந்தல் கயிற்றை ஓர் எட்டு எட்டிப் பிடித்தார்; அவர் இறந்து பத்து வருடமாகியும் அவர் வீட்டைக் கயிற்றுக்காரர் வீடு என்றுதான் சொல்கிறோம்.

அடுத்த ஏழு நாளும் ஹுமாதி வாயே திறக்கவில்லை. மலையும் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை அதிகாலையில் மட்டும் தரை ஒருமுறை சிலிர்த்தது. லாரி போகிறது என்றார்கள்.

சனிக்கிழமை காலை நாங்கள் உடுத்திக்கொண்டிருந்தோம். முழு ஆளின் உடை எளிதல்ல. உள்ளங்கி, அதன்மேல் ஜரிகை அங்கி, தலைக்கட்டு, கழுத்துத் துணி. கண்ணாடி முன் இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரம் பங்வே பிள்ளைகளுடையது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாற்பது பேர். இளையவனுக்குப் பதினாறு, மூத்தவன் ஹுமாதி.

நாங்கள் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தபோது பங்வே முழுக்க வெயில். பந்தல் இருந்தது. தொட்டிமேல் இருந்தது. மலைப்பக்கம் தரையோடு இழுத்து, கல் வைத்துக் கட்டியிருந்தார்கள். பக்கவாட்டிலும் அப்படியே. கடல்பக்கம் மட்டும் உயரக் கம்பு கொடுத்துத் தூக்கியிருந்தார்கள். தொட்டிக்கு ஒரு பெரிய சாய்ப்பு. நாற்பது பிள்ளைகளும் பக்கத்தில் கைகட்டி நின்றார்கள், வேலை முடித்த நல்ல பிள்ளைகளாக.

“எங்கடா கட்டியிருக்கீங்க?” அத்துமானியின் குரல் கீச்சென்று வந்தது.

“பந்தல் கட்டச் சொன்னீங்க, பெரியவரே. கட்டிட்டோம்” என்றான் ஒருவன்.

“பங்வேயில கட்டச் சொன்னேன்!”

“தொட்டி பங்வேயிலதானே இருக்கு?”

“அவுத்துடுங்க. இப்பவே அவுத்துடுங்க.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லோரும் ஹுமாதியைப் பார்த்தார்கள்.

“கேட்டதுக்குப் பதில் சொல்லலாமா, பெரியவரே?”

“சொல்லித் தொலை.”

“நூத்திப் பதினெட்டு முடிச்சு. நனைச்ச கயிறு. அவுக்கச் சாயங்காலம் ஆகும்.” பிறகு மிக மரியாதையாகச் சேர்த்தான்: “நீங்களும் ஒரு கை கொடுத்தா சீக்கிரம் ஆகும்.”

மேல்படிக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டோம்.

அந்த நேரம் பார்த்து மேளம் கேட்டது. மெரேனிக்காரர்கள் வளைவில் திரும்பிவிட்டார்கள். முன்னால் அவர்களுடைய பெரியவர் தோய்ஹிர். எங்கள் ஊரில் எது கோணலாக இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே கண்ணாடி மாட்டியிருப்பவர். வெறுமையான சதுக்கத்தைப் பார்த்தார். தொட்டிமேல் பந்தலைப் பார்த்தார். புருவம் ஏறியது.

அத்துமானியின் முகத்தில் அப்போது நடந்ததை ஹுமாதியின் சேட்டிலைட் பார்த்திருந்தால் எத்தனை வளையம் விழுந்திருக்குமோ. இரண்டு மூச்சு விட்டார். கையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

“வாங்க, வாங்க. தண்ணி ஓரத்துல உக்காருங்க. எங்க ஊர்ல மரியாதைப்பட்டவங்களை வெறும் தரையில உக்காரவைக்கிற வழக்கம் இல்ல.”

“அப்படியா? எப்பலேர்ந்து?”

“எங்க பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்துலேர்ந்து. உங்க ஊர்ல இல்லயா?”

தோய்ஹிர் சற்று நின்றார். “எங்க ஊர்லயும் உண்டு. இப்பக் கொஞ்சம் விட்டுப்போச்சு.”

பாய்களைத் தொட்டிச் சுவரின் கடல்பக்கமாக விரித்தார்கள். சுவரில் முதுகைச் சாய்த்தோம். உள்ளேயிருந்து தண்ணீரின் குளிர்ச்சி முதுகில் ஏறியது. நான் போன எந்தக் கல்யாணத்திலும் இவ்வளவு சுகமாக உட்கார்ந்ததில்லை. ஹுமாதி வாழைக்காயும் மாட்டிறைச்சியும் தூக்கி வந்தான். அத்துமானி அவனைப் பார்க்கவில்லை. குழம்பு ஒதுங்கவில்லை.

ஞாயிறன்று அவிழ்க்கச் சொன்னார்கள். பிள்ளைகள் விருந்து அலுப்பில் தூங்கினார்கள். இருபது முடிச்சு அவிழ்ந்தது. சாயங்காலம் பார்த்தால் அதே இருபதும் மறுபடி இருந்தது. திங்கள் காலை அத்துமானி தாமே வந்து நின்றுகொண்டு ஆளனுப்பி எல்லோரையும் எழுப்பினார். அப்போது பத்து மணி இருக்கும்.

மலை பெரிதாக எதுவும் செய்யவில்லை. தொண்டையைக் கனைத்தது. மேலே கறுப்பாக ஒன்று எழுந்து, காற்று தள்ளியதும் எங்கள் பக்கம் சாய்ந்தது. அரை மணி நேரத்தில் அரைத்த மிளகுபோலச் சாம்பல் இறங்கியது. பெண்கள் வீட்டுத் தொட்டிகளின் மேல் பாயும் கதவும் போட்டு மூடினார்கள். பிள்ளைகள் கூரைமேல் ஏறி, கூரைத் தண்ணீர் தொட்டிக்கு வரும் குழாய்களைக் கழற்றினார்கள். அதையும் ஹுமாதி யாருக்கு எந்த வீடு என்று முன்பே பிரித்துக்கொடுத்திருந்தான்.

நான் பங்வேயில் நின்றேன், வாயைத் துணியால் மூடிக்கொண்டு. பந்தலின் கடல்பக்க மூலைக்கயிறு ஒன்று பாதி அவிழ்ந்த நிலையில் இருந்தது. காற்று அந்த மூலையைத் தூக்கியது. துணி படபடத்தது. இன்னும் ஒரு வீச்சு, பந்தல் மொத்தமும் புரண்டுவிடும். பக்கத்தில் பிள்ளைகள் யாருமில்லை. நானும் அத்துமானியும்தான்.

என் எட்டு வருடத்தை நினைத்தேன். என் அண்ணன் கழுவிய பாத்திரங்களை நினைத்தேன். நான் நினைத்து முடிப்பதற்குள் அத்துமானி அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினார். எழுபத்து நான்கு வயது. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, தொட்டிச் சுவரில் காலை முட்டுக் கொடுத்து, மல்லாந்து தொங்கினார்.

“என்னடா பாத்துக்கிட்டு நிக்கறே? வந்து பிடி!”

பிடித்தேன். ஒன்றரை மணி நேரம் இரண்டுபேரும் பிடித்துக்கொண்டிருந்தோம். சாம்பல் துணிமேல் விழுந்து, சரிந்து, மலைப்பக்கமே வழிந்தது. கடைசியில் அவர்தான் கேட்டார்.

“யாராவது பாத்தாங்களா?”

“யாரும் பாக்கல.”

“மேலேயிருந்து?”

“அது முகம் பாக்காது, பெரியவரே. அங்குலம்தான் பாக்கும்.”

“நல்லது” என்றார்.

காற்று திரும்பியதும் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தோம். தண்ணீர் கறுப்புக் கண்ணாடிபோலச் சும்மா கிடந்தது. அத்துமானி கையால் ஒரு வாய் அள்ளிக் குடித்தார்.

மறுநாள் செவ்வாய். ஹுமாதியின் இரண்டாவது படம் வந்தது. அதை என்னிடம் மட்டும் காட்டினான். நான்கு வளையங்களில் இரண்டுதான் மலை. மற்ற இரண்டும் மூடுபனி.

“அப்ப நான் பங்வேயில சொன்ன பாதிக்குப் பாதி சரிதானே?” என்றேன். அவன் அதற்குச் சிரித்த சிரிப்பை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை அவனை விசாரித்தார்கள். தண்ணீர் தப்பியது வேறு விஷயம்; பங்வே எடுத்த முடிவைப் பிள்ளைகள் மீறியது வேறு விஷயம். ஒரு ஆடு அபராதம். தன் சார்பாகப் பேச அவனுக்கு உரிமை இல்லாததால் மறுபடி என் வாய். ஆட்டைக் கொடுக்கிறான், ஆனால் ஒரு வேண்டுகோள் என்றேன்: முதல் மழையில் யாரும் கூரைக்குழாயைத் தொட்டியில் மாட்டக் கூடாது, கூரைச் சாம்பல் கழுவிப் போகட்டும், இரண்டாவது மழையைப் பிடிப்போம்.

யாரோ “அதுவும் பாதிக்குப் பாதியா?” என்றார்கள்.

“இல்ல” என்றார் அத்துமானி. “அது முழுசு.” ஆட்டை அந்தத் தொட்டித் தண்ணீரில் வேகவைத்துத் தின்றோம். தாம்பாளம் ஹுமாதி தூக்கினான்.

பேட்டரியை நானே கழற்றினேன். நானே தோளில் வைத்து மலையேற்றினேன். அவன் முழங்கால் கீழேயே நின்று வழி சொன்னது. ஏழாம் பெட்டி இப்போது பேசுகிறது. என் வேன் பேசுவதில்லை. சரிவு பார்த்து நிறுத்துகிறேன், உருட்டிக் கிளப்புகிறேன்.

ஹுமாதியின் பெரிய கல்யாணத்துக்கு வரும் ஜூலையில் தேதி வைத்திருக்கிறார்கள். எஷாத்தா அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மலைக்குப் போய்விடும் என்கிறாள்.

டிசம்பரில் ஒருநாள் நல்ல மழை. ஹுமாதி நனைந்துகொண்டே என் வீட்டுக்கு வந்தான். மெரேனியில் கல்யாணம், தோய்ஹிரின் பேத்திக்கு. போய்வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்: அவர்கள் ஊரில் புத்தம்புதிய துணி தைத்து, தொட்டிமேல் இழுத்துக் கட்டி, சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறார்களாம். பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்து வழக்கமாம். மூன்று நாளாக மழை முழுவதும் துணிமேல் விழுந்து தெருவில் ஓடுகிறதாம். தொட்டியில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லையாம்.

“போய்ச் சொல்லேன்” என்றேன்.

“கேள்விப்பட்டதும் போய்ச் சொன்னேன். நீ யாரு, பாஜோனிப் பிள்ளைதானேன்னு தாம்பாளத்தைக் கையில கொடுத்துட்டாங்க.”

தொப்பியிலிருந்து தண்ணீரைப் பிழிந்தான்.

“ஷான்ஃபி, வாயை எடுத்துக்க. வா, வேனைத் தள்ளுவோம்.”